பதினைந்து துளைக் கதவும் சிலுவைப் பொத்தானும்

சிங்கப்பூரில் தேக்கா சந்தையிலிருந்து தெற்கே நடந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டினால், சிம் லிம் ஸ்குவேர் என்னும் கடைத்தொகுதி கண்ணில் படும். 1987ஆம் ஆண்டில் எழுந்த இக்கட்டடத்தில் கணினியும் அதன் உறுப்புகளும் தளந்தோறும் விற்பனைக்கு இருக்கும். வெங்காயமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு தேக்காவைவிட்டு வரும் நம்மவர், ஒரு கால்வாயைக் கடந்ததும் மின்கம்பிகளின் உலகத்துக்குள் நுழைந்துவிடுகின்றனர். பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளையை அழைத்துக்கொண்டு இங்கு வரும் பெற்றோர் பலர் கடைக்காரரிடம் கேட்பது ஒன்றே. கணினியில் பழம்பாணி விளையாட்டு விளையாட எந்தக் கைப்பிடி நல்லது? கேம்பேட் என்று பிள்ளைகள் சொல்லும் பொருளையே நாம் இங்குக் கைப்பிடி என்கிறோம்.

கடைக்காரர் விலையைச் சொல்வார். விளக்கு மினுக்குவதைக் காட்டுவார். ஆனால் அந்தக் கைப்பிடி ஏன் இந்த உருவத்தில் இருக்கிறது, எது இருந்தே தீரவேண்டும், எது வெறும் அலங்காரம் என்பவற்றை அறிய வரலாற்றைத்தான் கேட்கவேண்டும். அவ்வரலாற்றில் சிங்கப்பூருக்கே உரிய ஓர் அத்தியாயம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

பழம்பாணி விளையாட்டு என்பதில் இரு வகை அடங்கும். 1980களிலும் 1990களிலும் வந்த விளையாட்டுகளை இன்றைய கணினியில் பாவனை நிரல் கொண்டு ஓட்டுவது ஒரு வகை. அக்காலத்துக் கட்டம் கட்டமான படங்களையும் ஓட்டத்தையும் பின்பற்றி இன்று புதிதாகச் செய்யப்படுவது மற்றொரு வகை. 2014இல் வந்த ஷவல் நைட், 2018இல் வந்த செலஸ்ட் ஆகியன இரண்டாம் வகைக்குச் சான்று. இரு வகைக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. மேல், கீழ், இடம், வலம் என்ற நான்கு திசைகளும் சில பொத்தான்களுமே இவற்றின் மொழி. சரியான நொடியில் தாவவேண்டும், சரியான நொடியில் நிற்கவேண்டும். ஒரு நொடியில் 60 படங்கள் திரையில் மாறுகின்றன. ஒரு படத்தின் ஆயுள் ஏறத்தாழ 17 மில்லிநொடி. இக்குறுகிய இடைவெளியில் விரல் சொன்னது கணினிக்குக் கேட்கவேண்டும்.

விசைப்பலகை போதாதா என்று கேட்கலாம். சில விளையாட்டுக்குப் போதும். ஆனால் மலிவான விசைப்பலகைகளின் உள்ளே விசைகள் வரிசையும் நிரலுமாக ஒரு வலைபோலக் கோக்கப்பட்டுள்ளன. ஒரே நேரத்தில் மூன்று விசைகளை அழுத்தினால் சில கூட்டுகளில் மூன்றாவது விசை பதிவாகாது. வலப்பக்கம் ஓடிக்கொண்டே தாவி, தாவும்போதே சுடவேண்டிய பிள்ளை, தான் அழுத்தியும் கதாநாயகன் தாவவில்லையே என்று புலம்புவது இதனால்தான். பிள்ளையின் விரலில் குற்றம் இல்லை.

இனிக் கைப்பிடியின் பிறப்பைக் காண்போம். 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்னும் அறிவியலாளர், பார்வையாளர் நாளன்று வருவோரை மகிழ்விக்க ஒரு டென்னிஸ் விளையாட்டை அலைவரிசை காட்டும் சிறு திரையில் அமைத்தார். அதற்குக் கொடுத்த கருவி ஒரு திருகு, ஒரு பொத்தான், அவ்வளவே. 1972இல் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் மாக்னவாக்ஸ் ஒடிஸி விற்பனைக்கு வந்தபோதும் திருகுகளே இருந்தன. 1977இல் அட்டாரி நிறுவனத்தின் வீட்டுப்பொறி ஒரு குச்சியையும் ஒரு சிவப்புப் பொத்தானையும் கொண்டுவந்தது. அந்தக் குச்சியைப் பிடிக்க ஒரு கை, அதன் அடிப்பெட்டியைத் தாங்க ஒரு கை. நீண்ட நேரம் ஆடினால் மணிக்கட்டு வலிக்கும்.

இங்கேதான் ஜப்பானில் கும்பெய் யோகோய் என்ற பொறியாளர் வருகிறார். நிண்டெண்டோ நிறுவனத்தில் பணிபுரிந்த அவர், சட்டைப்பையில் அடங்கும் கேம் அண்ட் வாட்ச் என்னும் சிறு விளையாட்டுப் பொறிகளைச் செய்துவந்தார். 1982இல் டாங்கி காங் விளையாட்டை அப்பொறியில் கொண்டுவர நினைத்தபோது, குச்சி நீட்டிக்கொண்டிருந்தால் மடித்து மூட முடியாது என்ற இடர் எழுந்தது. அதற்கு அவர் கண்ட வழி, கூட்டற்குறி போன்ற ஒரே துண்டு நெகிழி. அதன் நடுவே ஒரு சிறு முனை தாங்கும். நான்கு கைகளின் அடியிலும் மின்கடத்தும் ரப்பர்த் துண்டுகள் இருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் எழும். ஆகவே இடமும் வலமும் ஒரே நேரத்தில் அழுந்தா. கண்ணால் பாராமலே கட்டைவிரலின் சதை திசையை உணரும். இவ்வளவு எளிய பொருள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மாறாமல் நிற்கிறது என்றால், அது எத்துணைச் சரியான தீர்வு என்று சொல்லத் தேவையில்லை. 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாம் பொறியின் கைப்பிடியில் இச்சிலுவைப் பொத்தான் இடப்பக்கம் அமர்ந்தது. வலப்பக்கம் இரு பொத்தான்கள். பழம்பாணி விளையாட்டின் இலக்கணம் இங்கே எழுதப்பட்டுவிட்டது.

இதே காலத்தில் சிங்கப்பூரில் நிலைமை வேறு. 1978இல் ஜப்பானில் தோன்றிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் தோன்றிய பேக்மேன் முதலிய காசு போட்டு ஆடும் பொறிகள் உலகெங்கும் இளைஞரை ஈர்த்தன. பிள்ளைகள் படிப்பையும் கைச்செலவுக் காசையும் தொலைக்கிறார்கள் என்ற கவலையில் சிங்கப்பூர் அரசு 1980களின் முற்பகுதியில் இத்தகைய விளையாட்டு நிலையங்களைத் தடைசெய்தது. பிற்காலத்தில் அத்தடை தளர்ந்தது. ஆசிரியர் தொழிலில் இருக்கும் நமக்கு அக்கவலை புரிகிறது. ஆயினும் கதவை ஒரு பக்கம் சாத்தினால் காற்று மறுபக்கம் நுழையும் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்ததுதானே. காசு போட்டு ஆடும் பொறி தெருவிலிருந்து மறைந்த அதே ஆண்டுகளில், கணினி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

வெறுமனே வரவில்லை, அரசே வரவழைத்தது. 1968இல் நேஷனல் செமிகண்டக்டர் சிங்கப்பூருக்கு வந்தது. அதைத் தொடர்ந்து டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது. 1981இல் ஆப்பிள் நிறுவனம் அங் மோ கியோவில் ஆலை திறந்தது. அதே 1981இல் தேசியக் கணினி வாரியம் அமைந்தது. அதே ஆண்டில்தான் சிம் வோங் ஹூ என்னும் இளைஞர், நண்பர் ஒருவருடன் சேர்ந்து, சைனாடவுனில் பெர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் ஒரு சிறு கணினி பழுதுபார்க்கும் கடையைத் தொடங்கினார். கிரியேட்டிவ் டெக்னாலஜி என்ற அக்கடை முதலில் ஆப்பிள் கணினிக்குக் கூடுதல் நினைவுப் பலகை செய்தது. பிறகு சீன மொழி பேசும் கணினி செய்தது. அது பெரிதாக விற்கவில்லை. 1987இல் இசைப் பலகை ஒன்றைச் செய்தது. மறு ஆண்டு அதற்கே கேம் பிளாஸ்டர் என்று பெயர் மாற்றியது. 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலிப் பலகையை வெளியிட்டது. உலகம் முழுதும் கணினி விளையாட்டுக்கு ஒலி கொடுத்தது அப்பலகைதான். 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமாகக் கிரியேட்டிவ் ஆனது.

ஒலி பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். நமக்கு வேண்டியது அப்பலகையின் பின்முனையில் இருந்த வேறொன்று. பதினைந்து துளைகள் கொண்ட ஓர் இணைப்பு வாய். அதுதான் கேம் போர்ட்.

இதன் அருமையை உணரக் கணினிப் பெட்டியின் உட்புறம் தெரியவேண்டும். 1981இல் ஐபிஎம் தன் தனிநபர் கணினியை வெளியிட்டபோது விளையாட்டுக் குச்சிக்கான இணைப்பு அதில் இல்லை. வேண்டுவோர் அதற்கென்று ஒரு தனிப் பலகையை வாங்கிச் செருகவேண்டும். அக்காலப் பெட்டியில் செருகுமிடங்கள் சிலவே. திரைக்கு ஒன்று, வட்டுக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று என்று போய்விட்டால், ஒலிக்கு ஒன்றும் குச்சிக்கு ஒன்றும் எங்கே செருகுவது? சவுண்ட் பிளாஸ்டர் இரண்டையும் ஒரே பலகையில் வைத்தது. ஒலிக்காக வாங்கியவருக்குக் கைப்பிடியின் வாயும் கூடவே கிடைத்தது. இப்பலகையும் இதைப் பின்பற்றிப் பிறர் செய்த பலகைகளும் 1990களில் கோடிக்கணக்கான கணினிகளுக்குள் சென்றன. கணினியில் கைப்பிடி கொண்டு ஆடும் பழக்கம் பரவியதற்கு, சைனாடவுன் பழுதுபார்ப்புக் கடையில் தொடங்கிய இந்நிறுவனத்துக்கும் பங்குண்டு என்பது நம் கருத்து. விளையாட்டுப் பொறிகளைத் தெருவிலிருந்து அகற்றிய ஊரே உலகின் படிப்பறைகளுக்குள் விளையாட்டுக்கு வாசல் செய்து கொடுத்தது என்று சொன்னால், அதில் மிகை இல்லை.

ஆனால் அந்த வாசல் கோணல் வாசல். ஐபிஎம் வகுத்த முறை அப்படி. கைப்பிடிக்குள் இருக்கும் மின்தடையின் அளவுக்கேற்ப ஒரு சிறு மின்தேக்கி நிரம்ப நேரமாகும். அந்த நேரத்தைக் கணினியின் மையச் செயலி எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கையைக் கொண்டு குச்சி எங்கே சாய்ந்திருக்கிறது என்று ஊகிக்கும். செயலி வேகமானதாக மாறினால் எண்ணிக்கையும் மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு விளையாட்டும் தொடக்கத்தில், குச்சியை மேல் இடப்பக்க மூலைக்குத் தள்ளு, பொத்தானை அழுத்து, கீழ் வலப்பக்க மூலைக்குத் தள்ளு என்று அளவெடுக்கச் சொல்லும். அக்காலத்தில் ஆடியவர்க்கு இச்சடங்கு நினைவிருக்கும். மொத்தம் நான்கு பொத்தான்களுக்கு மட்டுமே இடம். இருவர் ஆடினால் ஆளுக்கு இரண்டு.

1990களின் தொடக்கத்தில் கனடாவின் கிராவிஸ் நிறுவனம் செய்த கைப்பிடி, ஃபேமிகாம் வழிவந்த உருவத்தை இந்த வாயில் பொருத்தியது. உள்ளே இருப்பதோ வெறும் ஆம், இல்லை என்னும் விசைகள். வாயோ சாய்வின் அளவைக் கேட்கிறது. ஆகவே முழுச் சாய்வு போலப் பொய் சொல்லி அது வேலையை முடித்தது. அதன் சிலுவையின் நடுவே திருகிச் செருகும் ஒரு சிறு குச்சியும் கொடுத்திருந்தனர். அந்தக் குச்சி எங்கே போயிற்று என்று தேடாத வீடு இல்லை.

1996இல் யூஎஸ்பி என்னும் பொது இணைப்பு முறை வகுக்கப்பட்டது. விண்டோஸ் 98 வந்தபின் அது பரவியது. கைப்பிடி தானே தன் பெயரையும் பொத்தான்களின் எண்ணிக்கையையும் கணினிக்குச் சொல்லிவிடும். அளவெடுக்கும் சடங்கு ஒழிந்தது. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, பழைய பதினைந்து துளை வாய்க்கு ஆதரவைக் கைவிட்டது. உலகத்துக்குச் சிங்கப்பூர் கொடுத்த வாசல் அத்துடன் மூடப்பட்டது. பழைய கைப்பிடிகள் குப்பையாயின. சிம் லிம் ஸ்குவேருக்கு அருகிலேயே சுங்கை ரோட்டில் பழம்பொருள் சந்தை ஒன்று பல்லாண்டுகள் நடந்தது. திருடர் சந்தை என்று ஊரார் அழைத்த அச்சந்தையில் பழைய கடிகாரம், வானொலி, கம்பிச் சுருள் என்று எல்லாம் தரையில் விரித்திருக்கும். 2017 ஜூலை 10ஆம் நாளுடன் அதுவும் மூடப்பட்டது. இனிப் பழைய கைப்பிடி கைக்குக் கிடைத்தாலும் தூக்கி எறியவேண்டாம். பதினைந்து துளையிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் இணைப்பிகள் உண்டு. ஆனால் புதிதாக வாங்குவோர் அவ்வழியை நாடவேண்டியதில்லை.

இனித் தேர்வுக்கு வருவோம். நாம் முதலிடம் தருவது சிலுவைப் பொத்தானுக்கே. மற்றவை எல்லாம் பிறகு. இன்று கடைகளில் முன்னே வைத்திருக்கும் கைப்பிடிகள் பெரும்பாலும் முப்பரிமாண விளையாட்டுக்காகச் செய்யப்பட்டவை. 1996இல் நிண்டெண்டோ 64 பொறியும் 1997இல் சோனியின் டூயல் ஷாக்கும் கட்டைவிரல் குச்சியைப் பொதுவழக்காக்கின. அதன்பின் வந்த பல கைப்பிடிகளில் கட்டைவிரல் இயல்பாக விழும் இடத்தைக் குச்சி பிடித்துக்கொண்டது. சிலுவை கீழே ஒதுங்கியது. ஒதுங்கியதோடு தரமும் குறைந்தது. வலப்பக்கம் அழுத்தினால் மேல் வலப்பக்கமாகப் பதிவாகும். ஏணியில் ஏறவேண்டியவன் பக்கவாட்டில் விழுவான். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கைப்பிடியைக் கணினியில் இணைத்து, விண்டோஸில் உள்ள கைப்பிடிச் சோதனைப் பக்கத்தைத் திறந்து, இடப்பக்கத்தை அழுத்திப் பிடித்தபடி கட்டைவிரலை மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சிறு அசைவுக்கே மூலைத் திசை பதிவானால் வேண்டாம். சோதிக்க விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போகலாம், அங்கே கடைக்கா பஞ்சம்?

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. 2014 நவம்பரில் அக்கடைத்தொகுதியில் கைப்பேசி வாங்கிய வியட்நாமியப் பயணி ஒருவர், பணத்தைத் திருப்பித் தரும்படி மண்டியிட்டு அழுத காட்சி உலகெங்கும் பரவியது. அக்கடையின் உரிமையாளர் பின்னர் சிறை சென்றார். நேர்மையான கடைகள் பல அங்கு உண்டு. எனினும் விலையை முதலில் கேட்டு, இரசீதில் எழுதச் சொல்லி, பிறகு பணத்தை நீட்டுவது நல்லது. சம்பள நாளில் ஒருமுறை மட்டும் இத்தகைய பொருள் வாங்கக்கூடிய குடும்பங்களை நாம் தோட்டத்தில் நாள்தோறும் பார்க்கிறோம். அவர்களுக்கு ஐம்பது வெள்ளி என்பது சிறு தொகை அன்று.

அடுத்து, பொத்தான்களின் பெயர். இதில் ஒரு வரலாற்றுக் குழப்பம் புதைந்திருக்கிறது. 1990இல் வந்த சூப்பர் ஃபேமிகாம் வலப்பக்கம் நான்கு பொத்தான்களைச் சாய்சதுரமாக வைத்தது. அதில் ஏ வலக்கோடியில், பி கீழே. 2001இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் வந்தபோது ஏ கீழே, பி வலக்கோடியில் என்று மாற்றிவிட்டது. கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. பழைய ஜப்பானிய விளையாட்டுகளோ நிண்டெண்டோ வழக்கம். திரை ஏ என்கிறது, விரல் போவது பி. இரு வழக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள கைப்பிடியாகப் பார்த்து வாங்கினால் இத்தொல்லை தீரும். சீனாவின் ஷென்செனில் இயங்கும் எயிட்பிட்டூ நிறுவனம் சூப்பர் ஃபேமிகாம் உருவில் செய்யும் கைப்பிடிகள் இதற்குத் தக்கன.

சேகா மெகா டிரைவ் விளையாட்டுகளை விரும்புவோருக்கு வேறு யோசனை சொல்வோம். 1988இல் வந்த அப்பொறியின் கைப்பிடியில் மூன்றே பொத்தான்கள். 1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்து குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என்று கேட்டதால், பின்னர் ஆறு பொத்தான் கைப்பிடி தோன்றியது. மேல்வரிசை மூன்று, கீழ்வரிசை மூன்று. சண்டை விளையாட்டுக்கு இன்றும் இவ்வமைப்பே வசதி. எயிட்பிட்டூவின் எம்30 இவ்வழி வந்தது.

கணினியோடு பேசும் மொழியும் இரண்டு. 1995 முதல் இருந்த டைரக்ட்இன்புட் ஒன்று. 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 கைப்பிடியோடு வந்த எக்ஸ்இன்புட் மற்றொன்று. புதிய விளையாட்டுகள் இரண்டாவதையே எதிர்பார்க்கின்றன. அதற்கு முந்திய விளையாட்டுகளுக்கு முதலாவதுதான் தெரியும். இரண்டும் உள்ள கைப்பிடி, பழையதும் புதியதுமாக ஆடுவோர்க்கு உகந்தது. பெட்டியின் மேல் எக்ஸ், டி என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கம்பியா, கம்பியில்லாததா? கம்பியே. மின்கலம் தீராது, இணைப்பு அறாது, விலையும் குறைவு. புளூடூத் வழி வரும் செய்தி சில மில்லிநொடி தாமதிக்கும். ஒரு படத்தின் ஆயுளே 17 மில்லிநொடி என்று முன்னே சொன்னோம் அல்லவா? கம்பியில்லாமல்தான் வேண்டும் என்றால், தனக்கென்று சிறு யூஎஸ்பி வாங்கியுடன் வரும் வகை புளூடூத்தைவிடப் பொதுவாக மேல். குச்சி உள்ள கைப்பிடியானால், காலப்போக்கில் குச்சி தானே நகர்வதாகப் பதிவாகும் கோளாறு வரக்கூடும். காந்தப் புலத்தை அளந்து இயங்கும் குச்சிகளில் உரசித் தேயும் பாகம் இல்லாததால் அக்கோளாறு மிகவும் குறைவு. ஆனால் நான்கு திசை விளையாட்டு மட்டுமே ஆடுவோருக்குக் குச்சியே தேவையில்லை, குச்சி இல்லாதது கைக்கும் அடக்கம். அதிர்வு, வண்ண விளக்கு ஆகியவற்றுக்குக் கூடுதல் காசு கொடுக்கவேண்டாம். அந்தக் காசில் இரண்டாவது கைப்பிடி ஒன்று வாங்கினால் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆடுவர். ஐபிஎம் வாயில் ஆளுக்கு இரண்டு பொத்தான் என்று பங்கு போட்ட காலம் போய்விட்டது.

சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். அவருடைய ஒலிப் பலகைகளைப் பழம்பொருள் சேர்ப்போர் இன்று தேடி வாங்குகின்றனர். பழைய கணினியை மீண்டும் உயிர்ப்பித்து, உண்மையான பதினைந்து துளை வாயில் உண்மையான கைப்பிடியைச் செருகி ஆடவேண்டும் என்பது அவர்களுடைய பிடிவாதம். அப்படிப்பட்டவருக்கு ஒரு குறிப்பு: ஒலிப் பலகையின் வாயில் 12ஆம், 15ஆம் ஊசிகள் மிடி இசைக்கருவிக்கென்று மாற்றி ஒதுக்கப்பட்டன. ஐபிஎம் முதலில் வகுத்த முறையில் அவை வேறு பணி செய்தன. மிகப் பழைய குச்சியைச் செருகுமுன் இதைச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும்.

சிங்கப்பூரிலேயே செய்யப்பட்ட பழம்பாணி விளையாட்டு உண்டா என்று மாணவர் கேட்பதுண்டு. உண்டு. ஜெனரல் இன்டராக்டிவ் என்ற சிங்கப்பூர் நிறுவனம் 2022இல் சைனாடவுன் டிடெக்டிவ் ஏஜென்சி என்ற துப்பறியும் விளையாட்டை வெளியிட்டது. 2037ஆம் ஆண்டின் சிங்கப்பூரைக் கட்டம் கட்டமான பழைய பாணிப் படங்களில் அது காட்டுகிறது. தடயங்களைத் தொடர, விளையாட்டை விட்டு வெளியே வந்து தகவல் தேடிப் படிக்கவும் வேண்டும். ஆசிரியர்களுக்கு அது பிடிக்கும். கணினியில் அதை ஆடக் கைப்பிடியே வேண்டாம், சுட்டெலி போதும்.